கார்த்திகேசன் மேல் கேஸ் உண்டா என்று விசாரித்த விவரம்

பசுந்தாங், ரங்கூன்.

அன்புத் தம்பி சுந்தருக்கு அண்ணன் விநாயகமூர்த்தியின் ஆசிகள். இங்கே நானும் உன் அண்ணி ஜெயம்மாவும் சுகம்; கரண்டு இருக்கிற நேரத்தில் கூடுதல் சுகம். வியாசர்பாடியில் நீயும் ராதாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் தெரு மாரியம்மனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன உன் மகள் மஞ்சுளா அத்தனை ஊர் ஆட்களையும் விட்டுவிட்டு நம் ரங்கூன் பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டாள் என்றும், பையன் பெயர் கார்த்திகேசன், வீடு மிங்கலா தாங்ஞுன்ட் என்றும், அவன் மேல் போலீஸ் கேஸ் எதுவும் இல்லை என்று முத்திரை போட்ட காகிதம் வந்தால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் பேச்சே கிடையாது என்றும் நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மெட்ராஸில் கைப்பேசியில் பெயரைத் தட்டினால் கோர்ட்டுக் கேஸெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறதாம், ரங்கூனிலும் அப்படி ஏதாவது இருக்குமாம், பெண்ணின் பெரியப்பா என்று காட்டிக்கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டுமாம். தாலுகா ஆபீஸில் ஆயுசைக் கழித்தவன் நீ. சான்றிதழ் இல்லாவிட்டால் உன் மூக்கு உன்னுடையதுதானா என்றே சந்தேகப்படுவாய். ஆனால் மஞ்சுளா போனில் அழுததைக் கேட்ட பிறகு எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

முதலில் வார்டு ஆபீசுக்குப் போனேன். யாருக்குக் காகிதம் என்று அங்கிருந்த அம்மாள் கேட்டார். ஒரு பையனுக்கு என்றேன். உங்களுக்கு என்ன உறவு என்றார். காட்டிக்கொள்ளக் கூடாது என்று நீ சொல்லியிருந்ததால், உறவெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்த பார்வையில் என் மேலேயே ஒரு கேஸ் எழுதிவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். இங்கே நடைமுறை என்னவென்றால், அடையாளக் கார்டையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட ஆளே வந்து நிற்க வேண்டும், வார்டில் சிபாரிசு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், அடுத்தவனைப் பற்றிக் கேட்க வழியே இல்லை. அதாவது தம்பி, இந்த ஊரில் ஒருவன் குற்றவாளியா இல்லையா என்பதை அவனேதான் போய் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காலத்தில் போலீஸ் ஸ்டேஷன் படியை வலியப் போய் மிதிக்கிறவன் உண்டா? உனக்காக மிதித்தேன். நல்ல வேளையாக உட்காரச் சொன்னார்கள். கார்த்திகேசன் என்று பெயரைச் சொன்னேன். அந்த அதிகாரி அதை வாயில் போட்டு உருட்டிப் பார்த்தார், வரவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தார், கடைசியில் இந்தப் பெயரில் ஆளே கிடையாது என்று கையை விரித்துவிட்டார். ஆளே இல்லை என்றால் கேஸும் இல்லை என்று சந்தோஷமாகப் பாதி தூரம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் கார்டில் பர்மியப் பெயரல்லவா இருக்கும்! வீட்டில் விநாயகமூர்த்தியான நான் கார்டில் ஊ வின் போ. நீ கப்பல் ஏறும் வரை கோ தின் ஓங். ராதாவுக்காவது அந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அதை வைத்த அன்று, சுந்தர் என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்று வீம்பு பிடித்தாய். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு, இது சுந்தருக்கு, தின் ஓங் அவங்க வீட்டுல போய்ச் சாப்பிடட்டும் என்றாள். அழுதுகொண்டே சுந்தராகி வந்து உட்கார்ந்தாய். அதை நினைத்து பஸ் ஸ்டாப்பில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கார்டுப் பெயரைத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லாமல் கோவில் கமிட்டி வேஷத்தில் மிங்கலா தாங்ஞுன்ட் போனேன். வேஷம் என்ன, கமிட்டியில் நான் இருப்பது உண்மைதான். ரயில் பாதை ஓரமாகத்தான் நடந்தேன். நீயும் நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எஞ்சினை எண்ணிய இடம் அப்படியே இருக்கிறது, எஞ்சினும் ஏறக்குறைய அதேதான். பையனின் அப்பா நல்லையா, அம்மா புஷ்பா, இருவரும் மரியாதைப்பட்ட மனுஷர்கள். வீட்டில் எல்லோர் பெயருக்கும் அர்ச்சனை என்று சொல்லிப் பெயர், நட்சத்திரம் கேட்டேன், மளமளவென்று சொன்னார்கள். கார்டில் என்ன பெயர் என்று கேட்டதும் புஷ்பாவின் முகம் மாறிவிட்டது. மாரியாத்தா எப்போதிலிருந்து கார்டு பார்க்கிறாள் என்றார். இந்த வருஷம் அர்ச்சனை கம்ப்யூட்டரில் நடக்கிறது என்று ஒரு புளுகு புளுகினேன். ஆத்தா என்னை மன்னிக்க வேண்டும். பையன் பெயர் ஸோ மின். அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். லாக்கப்பில் ஒரு ஸோ மின் இருக்கிறானாம், எனக்கு டீ கொண்டுவந்து வைத்தவர் ஒரு ஸோ மின்னாம், அதிகாரியின் மச்சினனும் ஸோ மின்தானாம். உங்களுக்கு எந்த ஸோ மின் வேண்டும் என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, காகிதம் சொல்லாததைத் தெரு சொல்லும் என்று நல்லையா வீட்டுக்குக் கீழே குடை ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். கார்த்தி என்றதும் அவர் குடையைக் கீழே வைத்துவிட்டு, அவன் என் தள்ளுவண்டியைத் திருடினவன் என்றார். போச்சு, மஞ்சுளா கல்யாணம் இதோடு போச்சு என்று நினைத்தேன். அப்புறம் முழுக்கதையையும் சொன்னார். கொரோனாவில் மூச்சுக்காற்று சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றதே, அப்போது மேல்மாடிப் பர்மியப் பெரியவருக்குச் சிலிண்டர் கொண்டுவர அவன் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துப் போயிருக்கிறான். அன்றைக்கு வீட்டுக்கு வெளியே தலை காட்டவே நாங்கள் நடுங்கினோம். பெரியவர் பிழைத்துவிட்டார், வண்டிச் சக்கரம் பிழைக்கவில்லை. ரஹ்மத்துல்லாவுக்கு அந்தச் சக்கரத்தின் மேல் இன்னும் கோபம். கோபமாகச் சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன் காகிதத்தை விட எனக்கு இது போதும் என்று தோன்றியது. சொன்ன சொல்லுக்காகக் கோவிலில் செய்துவந்த அர்ச்சனையின் பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று மேலே ஏறினேன். நல்லையா கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒங்களுக்குப் பசுந்தாங்ல தெரியாத ஆளு கெடையாது. அந்தக் காலத்துல தின் ஓங்னு ஒருத்தர் அங்க இருந்தாராம், இப்ப மெட்ராஸ்ல இருக்காரு. அவரு மேல போலீஸ் கேஸு எதுவும் உண்டான்னு விசாரிச்சுச் சொல்லணும். பொண்ணு எடுக்கிற எடம், பாருங்க."

பிரசாதம் என் கையிலேயே இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் அத்தனை பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பொய் வரவில்லை.

"ஒரு கேஸு உண்டு," என்றேன். "திஞ்சான் தண்ணித் திருவிழா முடிஞ்ச மறுநாள், யாரும் யார் மேலயும் தண்ணி ஊத்தக் கூடாதுல்ல, அன்னிக்கு மாடியிலேந்து ஒரு வாளித் தண்ணிய போலீஸ்காரரு தலையில கவுத்துட்டான். சாயந்தரம் வரைக்கும் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருந்தாங்க. வேற ஒண்ணும் கெடையாதுங்க. அவன் என் தம்பி."

நல்லையா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார் பார், புஷ்பா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார். அதற்குப் பிறகு கேஸைப் பற்றி யாரும் பேசவில்லை. இருட்டும் வரை அந்தக் காலத்து ரங்கூனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அன்று நனைந்த போலீஸ்காரருக்கு அப்பா தன் புது லுங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்து உன்னை மீட்டு வந்ததையும், வரும் வழியில் உனக்கு மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா வாங்கிக் கொடுத்ததையும் சொன்னேன். ஒழுங்காக இருந்த எனக்கு வீட்டில் பழஞ்சோறுதான். இரண்டு வருஷம் உன் மேல் அந்தப் பொறாமை இருந்தது. இப்போது அதுவும் இல்லை தம்பி, உன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இருக்கிறது. போனில் உன் முகம் தெரிகிறது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து உன் தோளைத் தட்ட முடியவில்லையே.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். உன் மேல் கேஸ் இருந்தும் அவர்கள் உன் பெண்ணை எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். அவன் மேல் கேஸே இல்லாமல் நீ என்ன முறுக்கிக்கொள்கிறாய்? முத்திரை போட்ட காகிதம் கிடைக்காது, என் வார்த்தையை வைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிடு. ராதாவுக்கு அண்ணியின் அன்பைச் சொல். மஞ்சுளா தீர்க்காயுசாக, சந்தோஷமாக இருக்கட்டும். கரண்டு வந்ததும் இந்தக் கடிதத்தைப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
விநாயகமூர்த்தி

பின்குறிப்பு: கரண்டுக்காகக் காத்திருந்தபோது கார்த்திகேசனே சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். மிகவும் பவ்யமாகப் பேசினான். போன தை மாதமே அவனும் மஞ்சுளாவும் அங்கே பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டார்களாம், உன்னிடம் சொல்லத்தான் இருவருக்கும் தைரியம் வரவில்லையாம், பெரியப்பாதான் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்த பக்குவம் கையெழுத்துக்குக் கீழே எழுதுவதுதான். முத்திரை போட்ட காகிதம் கேட்டாயே, சிங்கப்பூர் சர்க்கார் முத்திரையோடு ஒன்று அவன் கையில் இருக்கிறது. குற்றவாளிகள் இருவர் பெயரும் அதில் தெளிவாக இருக்கிறது. ஒன்று உன் மகளுடையது.