இடது பக்கம் ராகி

பேனரில் கேழ்வரகுக் கதிர் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் சுசித்ரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவளுடைய ஆய்வுக்கும் கேழ்வரகுக்கும் சம்பந்தமில்லை. குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்க்கும் பெற்றோரைப் பற்றி ஆராய்கிறவள் அவள். தருமபுரியில் ஒரு கல்லூரியின் கூட்ட அரங்கை முன்கூட்டியே கேட்டு, 'அடாப்ஷன் ஆய்வுக் கூட்டம்' என்று எழுதியும் கொடுத்திருந்தாள். ஆனால் மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் குப்புராஜ் என்கிற வேளாண் ஆய்வாளர். புதிய கேழ்வரகு ரகத்தை விவசாயிகள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது அவர் ஆய்வு. அதற்கும் அடாப்ஷன் என்றுதான் பெயராம்.

ஒரே கூட்டத்துக்கு யாரோ மறதியில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று கல்லூரி அலுவலகத்துப் பானுமதி அக்கா முடிவு செய்து, இரண்டுக்கும் ஒரே அரங்கை ஒரே காலையில் ஒதுக்கியிருந்தார். சுசித்ரா போய் முறையிட்டதற்கு அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ரெண்டும் அடாப்ஷன்தானே கண்ணு. சேந்து நடத்திக்கோங்க. வேற ரூமுக்கு ஃபேன் இல்ல."

அரங்கில் முன்வரிசைகள் நிறைந்திருந்தன. வேட்டி துண்டுக்காரர்கள், பேண்ட் போட்டவர்கள், கைப்பை வைத்திருந்த பெண்கள். இதில் யார் யாருடைய ஆள் என்று யாருக்கும் தெரியாது. குப்புராஜ் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி, வேனும் பேசி ஆள் திரட்டியிருந்தார். ஒருவரையும் முகம் பார்த்ததில்லை. சுசித்ராவின் நிலைமை இன்னும் மோசம். தத்தெடுப்பு மையத்தின் வழியாக அழைப்பு போயிருந்ததால் அவளுக்குப் பெயர்கள்கூடத் தெரியாது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தாள். அதோடு, அடுத்தவர் காதுபட யாரிடமும் தத்தெடுத்ததைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தாள்.

இதற்கு முன் கூட்டிய கூட்டத்துக்கு யாருமே வரவில்லை. இந்தத் தடவையும் ஆள் கிடைக்காவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடச் சொல்லியிருந்தார் வழிகாட்டிப் பேராசிரியர். அதற்கு அவள் தயாராக இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"ராகி விஷயமா வந்தவங்க இடது பக்கம் உக்காருங்க. மத்தவங்க வலது பக்கம்."

சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை, வாக்கும் தப்பவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு அரங்கு மொத்தமும் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தது. வலது பக்கத்தில் காற்றாடி மட்டும் சுற்றியது.

குப்புராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்காளுங்க பஸ்ஸு கெடைக்காம நின்னிருப்பாங்க மேடம். வந்துருவாங்க" என்று ஆறுதல் சொன்னார்.

சுசித்ரா அசரவில்லை. கூச்சத்தில் யாராவது இடது பக்கம் ஒதுங்கியிருக்கலாம். தனியாகக் கேட்டால் சொல்வார்கள். ஓரத்தில் தன் மனைவி சாலம்மாளோடு உட்கார்ந்திருந்த தீர்த்தன் என்பவரிடம் குனிந்து, எதற்காக வந்தீர்கள் அண்ணா என்று மெதுவாகக் கேட்டாள். சித்தேரி மலையிலிருந்து வந்தவர் அவர்.

"அடாப்ஷனுக்குதாங்க" என்றார்.

அவள் நெஞ்சு துள்ளியது. "எந்த அடாப்ஷன்?"

தீர்த்தன் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பின்வரிசைக்காரர் கழுத்தை நீட்டுவதையும் பார்த்தார்.

"ராகிதாங்க."

மாரண்டஹள்ளியிலிருந்து வந்திருந்த ஓர் இளம் தம்பதியைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்தது. அருள்குமார் மடிப்புக் கலையாத பேண்ட் சட்டையில் இருந்தான். அவன் மனைவி கவிப்பிரியா நகத்துக்குச் சாயம் பூசியிருந்தாள். இவர்கள் நாற்று நடுகிறவர்களாக இருக்க முடியாது என்று சுசித்ரா அவர்களிடம் போனாள். கேட்பதற்கு முன்பே கவிப்பிரியா முந்திக்கொண்டு, தாங்களும் ராகிதான் என்றாள். அவள் குரல் சற்று உயர்ந்துவிட்டதால் அந்த வரிசையே ஒவ்வொருவராகத் தாங்களும் ராகிதான் என்று சொல்லிக்கொண்டு வந்தது.

இந்தச் சங்கடத்தைப் பார்த்த பானுமதி அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. உதவி செய்ய நினைத்து, சுசித்ரா தடுப்பதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"கொழந்தைய தத்தெடுத்து வளக்கறவங்க யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க. இந்தப் பொண்ணு பாவம், காத்திருக்குது."

ஒரு கையும் எழவில்லை. தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒருவர் சொறிவதை நிறுத்திக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சுசித்ரா வலது பக்கம் பின்வரிசையில் கிடந்த காலி நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தாள். குப்புராஜ் தன் கூட்டத்தைத் தொடங்கினார். ஆனால் அவருக்கும் அது லேசில் நகரவில்லை. ஏக்கருக்கு எத்தனை கிலோ விதைத்தீர்கள் என்றால் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வரிசை நடவா, தூவல் விதைப்பா என்றதற்கு, ரெண்டும் உண்டு என்று பொதுவாக ஒரு பதில் வந்தது. பயிர் அடியில் கிளைவிட்டுத் தூர் எத்தனை கட்டியது என்று அருள்குமாரைக் கேட்டார். நன்றாகக் கட்டியது என்று சொல்லிவிட்டு அவன் மனைவியைப் பார்த்தான்.

வேர்த்து விறுவிறுத்துக் குப்புராஜ் சுசித்ராவிடம் வந்தார். சனங்களைப் பேச வைப்பது உங்கள் படிப்பாச்சே, நீங்கள் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள் மேடம் என்று கெஞ்சினார்.

அவளுக்கு ராகியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கையில் இருந்தது தன் கேள்விகள் மட்டுந்தான். மாதக்கணக்காகச் செதுக்கிய கேள்விகள் யாரிடமும் கேட்கப்படாமலே குப்பைக்குப் போவதா என்ற வீம்பில் எழுந்தாள். குழந்தை என்று இருந்த இடத்தில் எல்லாம் ராகி என்று மாற்றிப் படித்தாள். ராகி வேண்டும் என்று வீட்டில் முதலில் சொன்னது யார்?

சாலம்மாள் ஒரு தடவை தீர்த்தனைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"நாந்தாங்க. இவரு ஒத்துக்கவே இல்ல. அது இல்லாத வூடு என்னா வூடுன்னு நாந்தான் சண்ட போட்டேன்."

வீட்டுக்குக் கொண்டு வந்த முதல் நாள் எப்படி இருந்தது?

தீர்த்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கையில குடுத்ததும் எப்படிப் புடிக்கறதுன்னே தெரியலைங்க. பஸ்ஸுல ஊரு வர்ற வரைக்கும் மடியிலயே வெச்சிருந்தேன்."

"விதையவா?" என்றார் குப்புராஜ்.

தீர்த்தன் சுற்றிலும் பார்த்தார். "விதையத்தாங்க."

சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டதும் பல குரல்கள் ஒன்றாக எழும்பின. கவிப்பிரியா எழுந்தே நின்றுவிட்டாள்.

"யாரு வெதையோ, எந்த மண்ணுதோன்னு எங்க அத்தை பக்கத்துலயே வர்லைங்க. இப்ப அவங்கள கேக்காம நாங்ககூடத் தொட முடியறதில்ல."

அருள்குமாரும் பேசினான். முதல் வருடம் ஒட்டவே இல்லையாம். தங்கள் மீதுதான் குறையோ என்று இருவரும் சாப்பாடு இறங்காமல் கிடந்தார்களாம். அப்புறம் ஒரு நாள் அதுவாகவே நிமிர்ந்து அவர்களைப் பார்த்ததாம். 'நிமிர்ந்து பார்த்தது' என்பதைக் குப்புராஜ் எழுதி அடிக்கோடிட்டார். சாலம்மாள் மூக்கை உறிஞ்சினாள். வெளியே போயிருந்த பானுமதி அக்கா வாசற்படியிலேயே நின்று கேட்கத் தொடங்கினார்.

உற்சாகம் தாங்காமல் குப்புராஜ் தன்னுடைய கேள்வி ஒன்றை இடையில் நுழைத்தார். எதிர்பார்த்தபடி வராவிட்டால் இதைக் கைவிட்டுவிடுவீர்களா என்று கேட்டார்.

அரங்கு சட்டென்று இறுகியது. தீர்த்தன் எழுந்தார்.

"என்னங்க கேள்வி இது? நல்லா வந்தாலும் வராட்டியும் அது எங்களுதுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். சுசித்ராவும் தட்டினாள். தான் அழைத்திருந்த பெற்றோர்கள் வந்து இப்படிப் பேசியிருந்தால் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வராந்தாவில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வரும்போது தனித்தனியாக வந்தவர்கள் இப்போது கலந்து உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். குப்புராஜ் எழுதி நிரம்பிய தாள்களைத் தடவிக்கொடுத்தார். இத்தனை வருடச் சர்வீஸில் ஒரு பயிரை இந்த அளவுக்கு ஏற்றுக்கொண்ட சனங்களைத் தான் பார்த்ததே இல்லை என்றார். கட்டுரையில் அவள் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னார்.

சுசித்ரா நன்றி சொல்லிவிட்டுத் தன் காலித் தாள்களை அடுக்கினாள். தலைப்பை மாற்றுவதில்லை என்று அந்த நிமிடத்தில் உறுதியாகிவிட்டது. ராகிக்காக இவ்வளவு பேசுகிற ஜில்லாவில், பிள்ளைக்காகப் பேச ஒருவராவது இல்லாமலா போய்விடுவார்கள்? அடுத்த மாதமே மறுபடி கூட்டப்போவதாகக் குப்புராஜிடம் சொன்னாள்.

"ஒருத்தர் வந்தாலும் போதும் சார். விடப்போறதில்ல."

அப்போது வாசலில் வேன் டிரைவர் சந்துரு வந்து நின்றான். சட்டையெல்லாம் கிரீஸ். வராந்தாவில் பந்தி நடப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே குப்புராஜிடம் சொன்னான்.

"மலையெறக்கத்துல வண்டி மக்கர் பண்ணிடுச்சுங்க சார். உங்க ராகிக்காரங்க எல்லாரையும் இப்பத்தான் கூட்டியாந்தேன், எங்க உக்கார வெக்கட்டும்?"