சித்திக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடை

பெரம்பலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஜெயசுதா சித்திக்கு, உங்கள் அக்கா மகள் சுவாதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளை சுதர்சனும் குழந்தை மகிழினியும் சுகம். செங்கல்பட்டில் நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் கணுக்கால் சுளுக்கைப் பற்றி மட்டும் விசாரிக்கப் போவதில்லை. எந்தக் கால் என்று சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். "எந்தச் சுளுக்கும்மா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

ஆக, உங்கள் பாராட்டு விழாவிலிருந்து நீங்களே தப்பித்துக்கொண்டீர்கள். முகில் கலை மன்றத்தின் நிர்வாகக் குழுவில் சம்பளமில்லாமல் இத்தனை வருஷம் இருந்து, ஞாயிறு தவறாமல் பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு நடத்திவிட்டு, சித்தப்பாவுக்கு மாற்றல் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியவர் நீங்கள். உங்களை மேடையில் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்ல அவர்களுக்கு ஆசை இருக்காதா? விழா நாயகர் வராவிட்டால் உறவினர் வாங்கிக்கொள்வது மன்றத்து வழக்கமாம். தலைவர் அமிர்தலிங்கம் சார் வீடு தேடி வந்து, "சும்மா வந்து உக்காந்தா போதும்மா, பேச வேணாம்" என்றார். அதை நம்பிப் போனேன் சித்தி.

போனதும் முதலில் பார்த்தது மேடைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியை. மடியில் மகிழினி வேறு. விசிறிக்கு நேர் கீழே வேண்டாமென்று நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன், அங்கே மைக் வயர். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன், அங்கே எரிகிற குத்துவிளக்கு. அப்படியே ஓரத்துக்குப் போய் விழ இருந்தவளை, அடக்கத்தில் ஒதுங்குகிறேன் என்று நினைத்து அமிர்தலிங்கம் சார் நாற்காலியோடு இழுத்து நடுவில், சரியாக விசிறிக்குக் கீழே போட்டுவிட்டார். பிறகு ஆரம்பித்தது பொன்னாடை. பெரம்பலூர் பங்குனி வெயிலில், ஒன்றின் மேல் ஒன்றாக, கழற்றினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயந்து அத்தனையையும் போர்த்தியபடியே வேர்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து "அம்மையார் அவர்களே" என்றுதான் பேசினார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரை விட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று கண்கலங்கினார். நான் இதே ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சமாதானம் ஆகவே இல்லை.

உங்களைத் தியாகச் சுடர் என்றார்கள், கலைத்தாய் என்றார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் லப்பைக்குடிக்காட்டு ஜொஹரா எழுந்தார். யாரும் கூப்பிடாமல் அவராகவே மைக்கைப் பிடித்தார். "எங்க புள்ள வேஷம் கட்டி நடிக்கறத அக்கா வீடியோ எடுத்து துபாய்ல இருக்குற அவ அத்தாவுக்கு அனுப்பும். அந்த மனுசன் புள்ள வளந்தத பாத்ததே அந்த வீடியோவுலதான். இனிமே வகுப்பு உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லையே சித்தி.

அங்கேதான் வந்தது வினை. போகிறவர் தன் கையால் வருகிறவருக்குப் பொன்னாடை போர்த்துவது மன்றத்து இன்னொரு வழக்கமாம். ஒரு புதுப் பொன்னாடையை என் கையில் கொடுத்து, "புதுசா பொறுப்புக்கு வர்றவங்களுக்குப் போத்துங்கம்மா" என்றார் தலைவர். யாருக்கு என்றேன். அவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் பொருளாளரைப் பார்த்தார், பொருளாளர் குனிந்து செருப்பைத் தேடினார். வகுப்புக்கு இன்னும் ஆளே பார்க்கவில்லை! ஆள் இல்லாவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. நான் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நிற்கிறேன். அம்மாவுக்கு எல்லாரும் போர்த்துகிறார்களே, தனக்கு மட்டும் முறை வரவில்லையே என்று அதுவரை சிணுங்கிக்கொண்டிருந்த மகிழினி, நாற்காலிமேல் ஏறி நின்று, அதைப் பிடுங்கி என் தலையோடு மூடிவிட்டாள்.

பொன்னாடைக்குள் எனக்குக் கைதட்டல்தான் கேட்டது. தலையை வெளியே எடுப்பதற்குள், "இனிமே ஞாயித்துக்கெழமய சுவாதி பாத்துக்குவாங்க" என்று அறிவித்தாயிற்று. இல்லை என்று சொல்ல மைக்கை வாங்கினேன், மைக்செட் ராஜதுரை அணைத்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

திராட்சையை நாலாக நறுக்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதவள் நான். அத்தனை பிள்ளைகளையும் மேடையில் ஏற்றிவிட்டு எப்படிச் சித்தி மூச்சு விடுவேன்? அட்டைக் கத்தியாக இருந்தாலும் நுனி கண்ணில் படாதா? அதனால் நீங்கள் உடனே அமிர்தலிங்கம் சாருக்குப் போன் செய்து, குழந்தை விளையாட்டாகப் போர்த்தியது செல்லாது என்று சொல்லிவிடுங்கள். என் முடிவில் மாற்றமே இல்லை.

உங்களுக்குச் சேர வேண்டிய பொன்னாடைகளை இதோடு பார்சலில் வைத்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம். செட்டிகுளத்து முருகன் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும்.

உங்கள் மகள் போன்ற,
சுவாதி.

பின்குறிப்பு: பார்சல் போடத் தாமதமானதில் நடுவில் ஒரு ஞாயிறு வந்துவிட்டது. மன்றத்துக் கதவை மட்டும் திறந்துவிட்டு வரலாமென்றுதான் போனேன். அமிர்தலிங்கம் சாருக்குப் போன் செய்ய வேண்டாம். ராஜா வேஷத்துக்கு மீசை நன்றாக ஒட்டிவிட்டேன், எடுக்கத்தான் வரவில்லை. தேங்காயெண்ணெய் தடவியும் பார்த்தாயிற்று. ஒரு ராஜாவும் ஒரு மந்திரியும் மீசையோடே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் என்ன தடவுவீர்கள் சித்தி? கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள், அடுத்த ஞாயிறு எனக்கு ஆறு ராஜாக்கள் இருக்கிறார்கள்.