மணிமுத்தா ப்ளூஸுக்குத் துக்கம் கிடைத்த வரலாறு

துக்கத்தை உள்ளூரிலேயே தயாரிக்க முடியும் என்று நாட்டுக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் சேரனையே சேரும். பீங்கான் பொம்மைக்குப் பேர்போன ஊர், இதையும் செய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கடை வாசலில் 'கரண்டு போகும், உங்கள் காரியம் நிற்காது' என்று எழுதி மாட்டிவிட்டு, உள்ளே கிடார் வாசித்துக்கொண்டிருப்பார் சேரன். ஊரில் ஓடும் மணிமுத்தா ஆற்றின் பெயரில் அவர் நிறுவியதுதான் 'மணிமுத்தா ஃபங்க் அண்டு ப்ளூஸ்' குழு. அமெரிக்காவில் பருத்திக்காட்டில் பாடுபட்ட கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தைப் பாடியது ப்ளூஸ். அவர்கள் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று ஆடியது ஃபங்க். இரண்டையும் யூடியூபில் பார்த்தே கற்றுத் தெளிந்தவர் சேரன்.

முதல் ஆல்பத்தின் பதிவு, பேஸ் கிடார் வாசிக்கும் அசீமின் மாமாவுக்குச் சொந்தமான, ஓய்வுபெற்ற பீங்கான் சூளைக்குள் நடந்தது. சுட்ட செங்கல்லில் பட்ட குரல் கொஞ்சம் சூடாகவே திரும்பி வரும் என்பது சேரனின் 'ஆய்வு முடிவு'. எல்லாம் சரியாக இருந்தது. பாடகி காவியாதான் சரியாக இல்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

காவியா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊசி குத்தும்போதுகூடச் சிரித்த முகம். போதாக்குறைக்கு, ஸ்ரீமுஷ்ணத்து நிலவனோடு நிச்சயமும் ஆகியிருந்தது. 'ரயிலு போயிருச்சு, நான் நின்னுட்டேன்' என்று சேரன் எழுதிய பாட்டை அவள் பாடினால், அடுத்த ரயில் அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும் போலிருந்தது.

இதுகுறித்து அவசர ஆலோசனைக் கூட்டம் கூட்டப்பட்டது. உறுப்பினர்களின் கைவசமுள்ள துக்கம் பரிசீலிக்கப்பட்டது. டிரம்ஸ் கொளஞ்சி, தன் பைக் திருடு போனதைச் சமர்ப்பித்தான். பைக் திரும்பக் கிடைத்துவிட்டதால் அது தள்ளுபடியானது. அசீமின் அப்பா பல வருஷமாகக் குவைத்தில் இருப்பதைக் கேட்டுச் சேரன் ஆவலோடு நிமிர்ந்தார்.

"தெனமும் வீடியோ கால்ல வந்து திட்டறாருங்க" என்றான் அசீம்.

"அது துக்கமில்ல தம்பி. தொடர்பு."

தலைவர் பதவி நிர்வாகம் சார்ந்தது என்பதால் சேரனுக்குத் துக்கத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பாடகி மட்டும் ஒரு வாரத்துக்குள் ஆவன செய்ய வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அதற்கும் காவியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆவன செய்யச் சேரனே புறப்பட்டார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினார். ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தால் போதும், நாலு பாட்டுக்குக் காணும், பதிவு முடிந்ததும் தானே போய்ச் சமாதானம் செய்துவிடலாம் என்பது திட்டம். பொய் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நிலவனின் அம்மா காசியம்மாள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"தங்கமான பொண்ணுங்க. பொழுது சாஞ்சா எங்ககூடதான் சூளைக்குள்ள இருக்கும். மூணு ஆம்பளைங்க இருக்கோம், நாங்க பாத்துக்கறோம். நீங்க கவலையே படாதீங்க."

காசியம்மாள் அதுவரை கவலைப்பட்டிருக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் சேரனுக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. படைப்பாளி என்றால் இதெல்லாம் இருக்கும் என்று ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார்.

அந்த வாரமே நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. நிலவன் போனை எடுக்கவில்லை. காவியாவின் அம்மா படுத்த படுக்கையானார். தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒன்றும் அவளைப் பற்றி நல்லதாக இல்லை.

காவியா வீங்கிய முகத்தோடு சூளைக்கு வந்தாள். வேறு போக இடமில்லாமல்தான் வந்தாள். 'ரயிலு போயிருச்சு' என்று அவள் ஆரம்பித்ததும் கொளஞ்சி கண்ணைத் துடைக்கப் போய்த் தாளத்தை விட்டான். அசீம் சுவர்ப் பக்கம் திரும்பி வாசித்தான். சேரனும் அழுதார், ஆனந்தத்தில். ஒரே டேக்கில் பாட்டு முடிந்தது. அவள் தலையில் கைவைத்து ஆறுதல் சொன்னார்.

"எல்லாம் நல்லதுக்குத்தாம்மா. இதே ஃபீலிங்க இன்னும் மூணு பாட்டுக்கு வெச்சிரு."

சமாதான முயற்சி, நிர்வாகக் காரணங்களால் இரண்டாவது ஆல்பத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தேடியபோது சேரனுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. காவியா கல்யாணத்துக்குப் பேசிவைத்த மண்டபம் அதே முகூர்த்த நாளில் சும்மாத்தானே கிடக்கும்? கேட்டார். எடுத்துக்குங்கண்ணா என்றாள் அவள். அவளுடைய பெரிய மனசை அவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்பே கல்யாணப் பத்திரிகை வாங்கியிருந்த உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். பாட்டைப் போட்டதும் பந்தி பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள். பிறகு, குழுத் தலைவருக்குப் பாடகி பொன்னாடை போர்த்துவார் என்று அறிவித்தார்கள்.

காவியா ஜரிகை போட்ட அங்கவஸ்திரம் ஒன்றை எடுத்து வந்து போர்த்தினாள். சேரன் அதைத் தடவிப் பார்த்தார்.

"பட்டாம்மா?"

"பட்டுதாங்கண்ணா. மாப்ளைக்கு எடுத்தது." அவள் கையில் மைக் இருந்தது. "நிலவனோட தங்கச்சி நேத்து லேபுக்கு வந்துச்சு. நீங்க ஆப்பிள் வாங்கிட்டு அவங்க வூட்டுக்குப் போனதச் சொல்லுச்சு." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இந்த ஆல்பத்துல இருக்குற துக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப அண்ணன் சொல்லுவாங்க."

மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி, ஒருவழியாகத் தேறி வந்திருந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

சேரன் மண்டபத்தைப் பார்த்தார். அம்மன் தயவில் ஏதாவது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். நடந்தது. கரண்டு போயிற்று. ஃபேன் நின்றது, சரவிளக்கு அணைந்தது, மண்டபம் முழுக்க இருண்டது.

மேடையும் மைக்கும் மட்டும் சேரன் கடை இன்வெர்ட்டரில் இருந்தன. சரக்கு ஒரிஜினல். அவர் எச்சில் விழுங்கியதுகூடக் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.