வெயிலில் காயப் போட்ட வாணம்

பி.எஸ்சி. இயற்பியல் பாஸான திமிரில், பெற்ற அப்பாவையே போலீஸில் மாட்டிவிட்டவன் நான். இதை ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

புது ஆட்சி வந்திருந்த சமயம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் மிராசுதாருக்கும் அறுப்பு ஆட்களுக்கும் கூலித் தகராறு முற்றி, ஒருவழியாக ஒப்பந்தம் கையெழுத்தானது. கொண்டாட எங்கள் தெருவில் வாணம் வாங்கினார்கள். விடுகிற பொறுப்பு எனக்கு (தெருவின் ஒரே பட்டதாரிக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்?).

தை மாதப் பனியில், காலையில் ஒன்றைச் சாய்த்து வைத்து விட்டுப் பார்த்தேன். சோம்பலாகக் கிளம்பி வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே விழுந்தது. மருந்து குளிர்ந்தால் மெதுவாக எரியும், சூடானால் வேகமாக எரியும் என்று படித்திருந்தேன். மீதியை விவசாயத் தொழிலாளர் சங்கக் கொட்டகையின் தகரக் கூரையில் காயப் போட்டேன். சாய்வை மாற்ற வேண்டும் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை.

பிற்பகலில் நான் கொளுத்திய வாணம் வாய்க்காலைத் தாண்டிப் போய் மிராசுதாரின் வைக்கோல் போரில் இறங்கியது.

அந்த நாளில் போர் எரிந்தால் அணைக்க ஆள் வருமுன் போலீஸ் வரும். கூலிச் சண்டையில் கொளுத்திவிட்டார்கள், இனி ஒப்பந்தம் செல்லாது என்று மிராசுதாரின் காரியக்காரர் கைகாட்டிய நாலு பேரை ஜீப்பில் ஏற்றினார்கள். நாலாவது ஆள் என் அப்பா. ஒரு மணி நேரம் மாட்டுக் கொட்டிலில் ஒளிந்திருந்துவிட்டுத்தான் (வெட்கமாகத்தான் இருக்கிறது) ஸ்டேஷனுக்குப் போனேன்.

"ஐயா, நான்தாங்க வாணம் விட்டேன். அதுலதான் போர் எரிஞ்சுது."

இன்ஸ்பெக்டர் நிமிரவே இல்லை. "அப்பனக் காப்பாத்த வந்தியா? காலையில விட்டது வாய்க்காலையே தாண்டலன்னு ஊரே சொல்லுது. போய்யா."

லாக்கப்புக்குள்ளிருந்து அப்பா, "நீ போடா. கேஸு கீஸுன்னு ஆனா உனக்கு வேலை கெடைக்காது" என்றார். அங்கேயே நின்று அழுதேன்.

கெஞ்சிக் கூத்தாடி, மறுநாள் மத்தியானம் ஸ்டேஷன் வாசலிலேயே நிரூபித்துக் காட்ட அனுமதி வாங்கினேன். மிச்சமிருந்தவை இரண்டே வாணம். ஒன்றை டப்பாவில் போட்டுக் கிணற்று நீரில் குளிர வைத்தேன். மற்றதை ஜீப்பின் மேல் வெயிலில் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே சாய்வு. குளிர்ந்தது பக்கத்து வேப்பமரத்தடியில் விழுந்தது. அடுத்தது போகாவிட்டால் அப்பாவுக்கு ஜெயில்தான். மூன்று தீக்குச்சி வீணானது.

அது ஸ்டேஷன் மதிலைத் தாண்டி, பின்னால் குவார்ட்டர்ஸ் கொடியில் காய்ந்த இன்ஸ்பெக்டரின் சட்டையைப் பொசுக்கியது.

நாலு பேரையும் விட்டார்கள். ஒப்பந்தமும் பிழைத்தது. வைக்கோலுக்காக என்னை இரண்டு நாள் உள்ளே வைத்தார்கள், சட்டைக்காக இன்னொரு நாள். "சூடான வாணம் அதிக தூரம் செல்வது நேரில் கண்டறியப்பட்டது" என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்பா என் பட்டத்தை ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "எம்புள்ள படிச்சது நெசம்னு போலீஸே எழுதிக் குடுத்துருக்கு" என்பார். இன்றைக்கும் வீட்டில் எந்தப் பிள்ளை பாஸானாலும் என் மனைவி கேட்கிறாள்: "மார்க் ஷீட் கெடக்கட்டும், ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாங்களா?"