மரம் நீங்கலாக ஒரு வீடு

வாடகைக்கு விடுவதற்கென்று வீடு வாங்க நினைக்கிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். கிணறு எவ்வளவு தூரம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, விற்கிறவனுக்கு எத்தனை பங்காளிகள், இதையெல்லாம் பாருங்கள் என்பேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். நான் வாங்கிய முதல் வீட்டைப் பற்றி மட்டும் அவர்களிடம் மூச்சு விட்டதில்லை. (விட்டிருந்தால் அப்புறம் எவன் வருவான்?)

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. அறிவுக்கு அதைவிடப் பத்து வயது குறைவு. முள்ளுக்குறிச்சியில் எங்களுக்குக் கடலைக்காடு, கிணறு, வாசலில் மாமரத்தோடு ஓட்டு வீடு எல்லாம் இருந்தன. அப்பா காலமாகிவிட்டதால் தடுத்துச் சொல்ல ஆளில்லை. காட்டு வேலைக்கு எனக்கு உடம்பு வணங்காது. கொல்லிமலைக்கு மிளகு வாங்கப் போகிற வியாபாரிகள் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறி, தங்க இடமில்லாமல் மாட்டுக் கொட்டகையில் படுத்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கே ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் உட்கார்ந்த இடத்திலேயே சோறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் வெள்ளையன் என்ற விவசாயி, காட்டுப்பக்கம் புது வீடு கட்டிக்கொண்டதால் பழைய வீட்டை விற்க இருந்தார். மண்சுவர், புல்லுக்கூரை, மூன்று அறை. அவர் நேர்மையான மனிதர். எதையும் மறைக்கவில்லை. வீட்டின்மேல் கவிந்து நிற்கிற பலாமரம் தன் தங்கை பொன்னிக்குக் கல்யாணத்தில் சீராகக் கொடுத்தது, அது விற்பனையில் சேராது, காய்க்கிற காலத்தில் அவள் வந்து பழம் இறக்கிக்கொள்வாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பத்திரத்திலும் ‘பலாமரம் நீங்கலாக’ என்று எழுதியிருந்தது. நானே படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வந்து பறித்துக்கொண்டு போகட்டுமே, ஒரு நாள் வேலைதானே என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். (பலாப்பழத்தை நான் அதுவரை சந்தையில்தான் பார்த்திருந்தேன்.)

தை மாதம் ஒரு மிளகு வியாபாரி குடிவந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் காரவள்ளியில் ஒரு பெண்ணை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணைக் கோயிலில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன். அவளுடைய அப்பா சொந்தக் காடு வைத்திருந்த கறாரான மனிதர். உழாமல் பிழைக்கிறேன் என்றவனை அவருக்குப் பிடிபடவில்லை. பெண்ணுக்குச் சோறு போடப்போகிற அந்த வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நானும் வாங்க மாமா, பாருங்க மாமா என்று ஆனி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அவரை மலையேற்றினேன்.

வீட்டை நெருங்கும்போதே புகை தெரிந்தது. வாசலில் இரண்டு அடுப்பு எரிந்தது. உள்ளே பொன்னி, அவள் புருஷன், மாமியார், நாத்தனார்கள், குழந்தைகள் என்று பதினொரு பேர். மிளகு இருந்த அறையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குடியிருந்த வியாபாரி வெளியே தன் மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தார். ஈத்தொல்லை தாங்கவில்லை, இன்றைக்கே மலையிறங்குகிறேன் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் வீட்டுக்காரன் தோரணையில் பொன்னியிடம் எப்போது பறித்து முடிப்பீர்கள் என்று கேட்டேன். அவள் மரத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அதென்னங்க சாமி, எல்லாப் பழமும் பேசி வெச்சுக்கிட்டு ஒரே நாள்லயா பழுக்கும்?”

ஆடி முடிய ஆகுமாம். அதுவரை குரங்குக்குக் காவல் இருக்கவேண்டுமாம். மரத்துக்காரர்கள் மரத்தடி வீட்டில்தான் தங்குவார்கள், அவள் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அப்படித்தானாம். அதைக் கேட்காதது என் குற்றமே தவிர, சொல்லாதது அவர்கள் குற்றமில்லை. எல்லோரும் தங்குவார்கள் என்பது அவர்களுக்குச் சொல்ல வேண்டிய சங்கதியே அல்ல. நான் விடவில்லை. மடியிலிருந்து பத்திரத்தை எடுத்து உரக்கப் படித்தேன். பதினொரு பேரும் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்கள். எல்லாம் சரிதானுங்க என்று ஒப்புக்கொண்டு, மாமாவுக்குப் பாயைப் போட்டு, இலையில் சுளை வைத்தார்கள். மாமா தலைப்பாகையைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். பிறகு கை கழுவ வெளியே போனார்.

அவர் வாசலைத் தாண்டியதும் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு பழம் வந்து விழுந்தது. நேராகத் தலைப்பாகையின்மேல்.

பொன்னி ஓடிவந்து ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள். “ஊடு உங்களுதுங்க சாமி. கூரையும் உங்களுதுதானுங்க. பழம் மட்டும் என்னுதுங்க” என்று சொல்லிவிட்டு, சிதறிய சுளைகளைப் பொறுக்கிக்கொண்டு, தலைப்பாகையை மாமாவிடம் பவ்யமாக நீட்டினாள். அதைத் திரும்பக் கட்ட முடியாது. பிசின் பிடித்து உருண்டையாகிவிட்டது.

மலையிறங்கும்போது மாமா வெறுந்தலையோடு முன்னால் நடந்தார். நான் பின்னால். பெண் கைவிட்டுப் போய்விட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வியர்வையைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காரவள்ளி வந்ததும் அவர் நின்றார்.

“உங்கூட்டு வாசல்ல ஒரு மாமரம் நிக்குதே தம்பி, அது யாரு பேர்ல இருக்குதுங்க?”

என் பேரில்தான் என்றேன்.

“பொண்ணு குடுக்கறேனுங்க. அந்த மரத்த மட்டும் மொதல்ல அவ பேருக்கு எழுதிப்போடுங்க. ஊடு உங்க பேர்லயே இருக்கட்டும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க கெட்டவரில்லீங்க. வெவரம் பத்தல. நாளைக்கு எந்த ஊட்ட வாங்குவீங்க, எந்த ஊட்ட விப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. மரம் அவளுதா இருந்தா எம் பொண்ணை யாரும் அங்கிருந்து கெளப்ப முடியாதில்லீங்களா?”

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வாரமே எழுதிக்கொடுத்தேன். மலை வீட்டை வெள்ளையனிடமே அடிமாட்டு விலைக்குத் திருப்பிக் கொடுத்தேன். கல்யாணம் நடந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்கு மறுபடியும் புத்தி வேலை செய்தது. ராசிபுரத்தில் வரிசை வீடுகள் வாங்குவதற்காக இருக்கிற ஓட்டு வீட்டை விற்க ஏற்பாடு செய்தேன். வாங்குகிறவர் முன்பணத்தோடு வந்தார். என் மனைவி மாமரத்தடியில் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து அவருக்கு மோர் கொடுத்து, மிக மரியாதையாகப் பேசினாள்.

“ஊடு அவருதுங்க, தாராளமா வாங்கிக்குங்க. மரம் என்னுதுங்க. மாங்கா எறக்குற மாசம் மட்டும் நாங்க ஏழு பேரும் வந்து தங்கிக்குவோம்.”

வந்தவர் மோரைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. அந்த வரிசை வீடுகள் வில்லங்கத்தில் சிக்கி, வாங்கியவன் தெருவுக்கு வந்தது பிற்பாடு தெரிந்தது. எங்கள் ஐந்து பிள்ளைகளும் இந்த ஓட்டு வீட்டில்தான் வளர்ந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு வரன் வந்தால், மாப்பிள்ளைக்கு என்ன படிப்பு, என்ன சம்பளம் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. வாசலில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், வேறு யாரும் வாய் திறப்பதற்குள் நானே கேட்டுவிட்டேன்.