வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒரே நாய்

சட்டன்,
15 நவம்பர் 2009

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சண்முகராசா அத்தானுக்கு,

மைத்துனன் தியாகராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நாயும் நலம். தங்கள் நலத்தையும் அக்காவின் முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். ஒரே நகரத்துக்குள் சட்டனிலிருந்து லூயிஷாமுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று தாங்கள் யோசிப்பீர்கள். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் கீழே தாங்கள் ஒரு கருவியை எடுத்தால் மேலே அக்கா மற்றதை எடுத்துக் காதில் வைப்பது குடும்பம் முழுவதும் அறிந்த விடயம். இது எங்கள் இருவருக்குள் இருக்கவேண்டிய சங்கதி.

சென்ற ஞாயிறு கோயில் வாசலில் தாங்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீர் நாய் வாங்கியிருக்கிறீராம். எனக்கும் ஒண்டு வேணும். வீட்டுக்கும் உதவவேணும், வேட்டைக்கும் உதவவேணும். எந்தச் சாதி நல்லது?" என்று கேட்டீர்கள். லூயிஷாமில் எதை வேட்டையாடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. சட்டனில் எதை என்று என்னையும் ஒருவரும் கேட்கவில்லையே. அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். அத்தான், எந்தச் சாதியும் வேண்டாம். நாயே வேண்டாம்.

எல்லாம் எங்கள் பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹார்விக்கால் தொடங்கியது. ஆறு வருடமாக என்னைக் கண்டால் காலநிலையைத் தவிர வேறொன்றும் பேசாத மனிதர். ஆவணி மாதம் ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, தான் மாரிக்காலத்தில் சறேக் கிராமப் பக்கம் காட்டுக்கோழி சுடப் போவதாகவும், என்னிடம் ஒரு நல்ல றிட்றீவர் நாய் இருந்தால் நானும் கூட வரலாம் என்றும் சொன்னார். றிட்றீவர் என்றால், சுட்டு விழுத்திய பறவையைத் தேடிக் கவ்விவந்து கையில் கொடுக்கும் நாய். அத்தான், சுவிஸில் பத்து வருடம் கோப்பை கழுவி, இங்கே வந்து ஒரு பலசரக்குக் கடைக்கு முதலாளியான பிறகும், ஒரு வெள்ளைக்காரன் என்னைத் தன்னோடு ஒரு இடத்துக்கு வரச்சொன்னது அதுதான் முதல்தடவை. அடுத்த சனிக்கிழமையே பச்சைக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டும் அதற்கேற்ற தொப்பியும் வாங்கிவிட்டேன். நாய் மட்டும்தான் பாக்கி.

ஜெயகௌரி, "நாய் உள்ளுக்கு வந்தா நான் வெளியில போறன்" என்று சொன்னாள். சாருஜாவோ, "அம்மா, றிட்றீவர் கடிக்காது, அது ஃபமிலி டோக்" என்று இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் வழக்காடினாள். வேட்டை நாய் என்று நானும் குடும்ப நாய் என்று மகளும் சொன்னது ஒரே நாயைத்தான் என்பதால், எங்கள் வீட்டு வரலாற்றில் முதல்தடவையாக இரண்டு பேர் ஒரு விடயத்தில் உடன்பட்டோம். தாய் தோற்றுப்போனாள்.

கில்ட்ஃபோட்டுக்கு அப்பால் ஒரு பண்ணையில் மிஸிஸ் பெல்லாமி என்ற அம்மையார் இந்த நாய்களை வளர்த்து விற்கிறார். குட்டி பார்க்கப் போனோம் என்று நினைத்தோம். அவர்தான் எங்களைப் பார்த்தார். பகலில் வீட்டில் யார், வேலி என்ன உயரம், லீவில் போனால் நாய் எங்கே, முன்பு நாய் வளர்த்த அனுபவம் உண்டா என்று ஒரு மணித்தியாலம் விசாரணை. சுவிஸில் அகதி விசாரணையில் உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை. இங்கே வேட்டையில் பழக்கம் உண்டு என்று பொய் சொன்னேன், அதையும் நம்பவில்லை. மிஸ்டர் ஹார்விக்கின் அழைப்பைப் பற்றிச் சொன்னதும் அம்மையார் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, சுடுபவர்கள் வேறு, நாயோடு போகிறவர்கள் வேறு என்றும், நாய்க்காரர் பின்னால் நின்று, விழுந்ததைப் பொறுக்கிக் கொடுக்கவேண்டும் என்றும், மதியச் சாப்பாடும் வேறு கொட்டிலில்தான் என்றும் விளக்கினார். ஜெயகௌரி என் கோட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். அதைவிட ஏசியிருக்கலாம்.

பிறகு வம்சாவளிப் பத்திரம் வந்தது. ஐந்து தலைமுறை. இடுப்பெலும்புச் சோதனை, கண் சோதனை, எல்லாம் முத்திரையோடு. என் கலியாணத்துக்கு இடுப்பைப் பார்த்திருந்தால் எனக்குப் பெண் கிடைத்திராது. அதுவரை கதவோரம் நின்ற ஜெயகௌரி, பத்திரத்தைக் கண்டதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"தேப்பன்ர ஆக்கள் எந்தப் பக்கம்?" என்றாள். சாருஜா மொழிபெயர்த்தாள். ஸ்கொட்லாந்து என்றார் அம்மையார்.

"தாயின்ர பாட்டனும் தேப்பன்ர பாட்டனும் ஒரே பேராக் கிடக்குது. சொந்தத்துக்குள்ளதான் செய்திருக்கினம். நல்லது."

இந்த இனத்தில் கண்காட்சிக்கு விடுவது ஒரு பகுதி, வேட்டைக்கு விடுவது ஒரு பகுதி, இரண்டும் தங்களுக்குள் பெரும்பாலும் சம்பந்தம் வைப்பதில்லை என்று அம்மையார் சொன்னார். அதையும் மகள் மொழிபெயர்த்தாள். ஜெயகௌரி தலையாட்டினாள். "அப்ப உவையின்ர நாயளுக்குள்ளயும் அது இருக்குது எண்டு சொல்லு."

இதை மகள் மொழிபெயர்க்கவில்லை.

குட்டிகளை வெளியே விட்டார்கள். அம்மையார் ஒரு சுருட்டிய காலுறையை எறிய, கறுவல் குட்டி ஒருவன் ஓடிப்போய்க் கவ்வி நேரே என் கையில் கொண்டுவந்து வைத்தான். இவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். தட்டுகளில் சாப்பாடு வைத்ததும் எல்லாம் கூடி நின்று தின்றன. அம்மையார் வயலின் கோடியில் நின்ற கணவருக்குக் கை காட்டினார். வெடிச்சத்தத்துக்குப் பயப்படாத குட்டியா என்று பார்ப்பதற்காம். அதை எங்களுக்கு முதலே சொல்லியிருக்கவேண்டும்.

அவர் ஓட்டப் பந்தயத் துப்பாக்கியால் ஒரு வெடி வைத்தார். கறுவல் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு கையும் தலைக்கு மேல் இருந்தன. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஜெயகௌரியும் அப்படியே கிடக்கிறாள். சாருஜா மட்டும் நின்றுகொண்டு எங்களைக் குனிந்து பார்த்தாள். அவள் சுவிஸில், பேர்ண் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.

அப்போது எனக்கும் ஜெயகௌரிக்கும் நடுவில் ஏதோ ஈரமாக நுழைந்தது. தட்டை விட்டு ஓடிவந்த ஒரு மஞ்சள் குட்டி. உடம்பெல்லாம் நடுங்கிற்று. அவள் கையை எடுத்து அதன் தலைக்கு மேல் வைத்தாள். தன் தலைக்கு மேல் வைத்திருந்த கையை.

அம்மையார் சிரிக்கவில்லை, அத்தான். கணவருக்குப் போதும் என்று சைகை காட்டிவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் சேற்றிலேயே குந்தினார். "வெடிக்குப் பயந்த நாயை நான் வேட்டைக்கு விற்பதில்லை" என்றார். பிறகு மெதுவாக, "வீட்டுக்குக் கொடுப்பேன்" என்றார். நான் கறுவலைப் பார்த்தேன். அது இன்னும் தின்றுகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. இதைத்தான் கொண்டுபோறம்" என்றாள் ஜெயகௌரி.

அப்படி வந்த நாய்தான் இது. வெடிக்குப் பயம், குப்பை லொறிக்குப் பயம், என் தொப்பிக்கும் பயம். இந்த மாதம் ஊரெல்லாம் வாணவேடிக்கை விட்ட அன்று மாலை மேசைக்குக் கீழே அது போய்ப் படுத்தது. துணைக்கு ஜெயகௌரி போனாள். அவளுக்குத் துணையாக நான் போனேன். அன்று கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்ததற்கு வேறு காரணம் கிடையாது. சாருஜா மேசைக்கு மேலே சாப்பிட்டாள். ஆனால் பரம்பரைக் குணம் போகவில்லை. அயல்வீட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து கையுறை, பந்து, ஒரு தடவை அவித்த முழுக்கோழி என்று ஒரு கீறலும் படாமல் கொண்டுவந்து கையில் தருகிறது. எந்த வீட்டுக் கோழி என்று கேட்டுக் கதவு கதவாகத் தட்டப் போனது நான்தான்.

ஆகவே அத்தான், ஒரு நாய் வந்தால் வீடு வீடாக இருக்காது. மானம் போகும், மரியாதை போகும், கம்பளிக் கோட்டு சலவைக்குப் போகும். என் அனுபவத்தைப் பாடமாக எடுத்து அந்த எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அக்காவிடம் சேற்று விடயத்தைச் சொல்லவேண்டாம். தங்கள் இருவருக்கும் எல்லா நலமும் கிடைக்க எல்லாம்வல்ல சிவன் அருள்புரிவானாக. பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
தியாகராஜா

பி.கு.: முத்திரை ஒட்டப் போகையில் மிஸிஸ் பெல்லாமி அழைத்தார். எங்கள் நாயின் தம்பி ஒன்றை வாங்கியவர்கள் வெளிநாடு போவதால் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஜெயகௌரி போனை என் கையிலிருந்து பறித்துத் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள். "எங்களைப்போல அதுகளும் ஆளுக்கொரு நாட்டில கிடக்கவேணுமோ? லூயிஷாமில எண்டா நல்லநாள் பெருநாளுக்கு ஒருத்தரையொருத்தர் பாக்கலாம்" என்கிறாள். ஞாயிறு மத்தியானம் கொண்டுவருகிறோம். சாப்பாட்டுக்கு நிற்போம்.