விளிம்பண்ணையின் பேஸ்போல் அட்டைகள்

பேஸ்போல் எப்படித் தொடங்கும், எப்படி முடியும், எத்தனை பேர் ஆடுவார்கள் என்று எதுவுமே தெரியாமல், பேஸ்போலுக்காகத் தன் கடையையே பணயம் வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மாங்குளம் சந்தியில், உரக்கடைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் நடுவில் படம் எடுக்கும் ஸ்ரூடியோ வைத்திருந்தார். விளிம்பண்ணை என்பார்கள். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. யாரும் வாசித்ததில்லை.

எல்லாம் கனடாவிலிருந்து அவருடைய மச்சான் கப்பலில் அனுப்பிய பெட்டியால் வந்தது. சவர்க்காரம், சொக்லேற், பற்றறி, இவற்றுக்கு அடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பழைய பேஸ்போல் அட்டைகள். உள்ளங்கை அளவு. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவரைப் பற்றிய விபரம். அந்தக் காலத்தில் சுவிங்கத்தோடு வந்தவையாம். பிள்ளைகள் விளையாடட்டும் என்று மச்சான் அனுப்பியிருந்தார். பிள்ளைகள் சொக்லேற்றோடு ஓடிவிட்டார்கள். விளிம்பண்ணை அட்டைகளோடு கதிரையில் இருந்தவர்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை.

அடுத்த கிழமை, கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கலியாணச் சோடிகள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் இடத்தில் முன்பின் அறியாத அமெரிக்கர்கள் உலக்கை மாதிரி ஒரு தடியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியேற்றப்பட்ட மாப்பிள்ளை ஒருவர் நியாயம் கேட்க வந்தார்.

"ஆர் அண்ணை இவை? மச்சானோட வேலை செய்யிற ஆக்களோ?"

"தெரியாது."

"பின்ன ஏன் கண்ணாடிக்குள்ள?"

"விளிம்பைப் பாரும். நாலு பக்கமும் வெள்ளை. முகத்துக்குப் பின்னால வெறும் மஞ்சள். மரம் இல்லை, மதில் இல்லை. உம்மட படத்தில பின்னால நீர்வீழ்ச்சி வேணுமெண்டு ஒற்றைக்காலில நிண்டனீர், ஞாபகம் இருக்கோ?"

மாப்பிள்ளை போய்விட்டார்.

நான் அப்போது எதிர்ப்புறக் கந்தோரில் எழுதுவினைஞன். இங்கிலிஷ் வாசிப்பேன் என்று தெரிந்ததும் பின்னேரங்களில் என்னைப் பிடித்து இருத்திவிடுவார். பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்துச் சொல்லுவார்: "தொப்பியை ஒரு இஞ்சி மேல தூக்கச் சொல்லியிருக்கிறான். அதுதான் கண்ணில வெயில் விழுது. கெட்டிக்காரன்." சில அட்டைகளில் நிறம் விலகி, உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போயிருக்கும். அதையும் விடமாட்டார். "அச்சடிச்சவனுக்கு அண்டைக்கு வீட்டில ஏதோ பிரச்சினை."

பின்பக்கத்தை நான் வாசித்துச் சொன்னேன். பிறந்த ஊர், உயரம், அடிப்பது வலக்கை, எறிவது இடக்கை. விளிம்பண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஒரு மனிசனைப் பற்றி அறிய வேண்டியது இவ்வளவுதான், என்ன?" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் படம் எடுக்கப் போனவர்கள் பட்டது கொஞ்சமல்ல. விண்ணப்பமொன்றுக்கு அவசரமாகப் படம் கேட்டேன். "நாலரைக்கு வாரும், வெயில் சாயட்டும்" என்றார். வீதியோரம் நிறுத்தி, நாடியைத் தூக்கி, தூரத்தில் வரும் யாழ்ப்பாண பஸ்ஸைப் பார்க்கச் சொன்னார். அடுத்தநாள் மேலதிகாரி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "தம்பி, தேர்தலில நிக்கிறீரோ?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

இதுவரை பகிடி. பிறகு பால்காரக் கந்தையா அண்ணர் செத்துப்போனார்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்கு, செத்தவரின் படம் போட்ட நினைவு அட்டை கொடுப்பார்கள். அந்தப் படத்துக்கு ஒரு முறை இருக்கிறது. அடையாள அட்டையிலிருந்து தலையை எடுத்து, கொம்பியூட்டரில் தயாராக இருக்கும் கோட் ஒன்றின் மேல் பொருத்துவது. சேட்டே போடாத மனிதரும் செத்த பிறகு கழுத்தில் ரை கட்டியிருப்பார். ஸ்ரூடியோவுக்குச் சோறு போடுவதும் இந்த அட்டைதான். கலியாணத்துக்குச் சனம் வவுனியாவிலிருந்து படம் எடுக்க ஆள் பிடிக்கும். ஒரு செத்தவீடு முகம் சுளித்தால் அடுத்த செத்தவீடு வராது.

கந்தையா அண்ணரின் மகன் சுவிஸிலிருந்து போன் எடுத்து நீலக் கோட் என்று சொல்லியிருந்தார். காரியத்துக்கு முதல்நாள் நான் போனபோது இருநூறு அட்டை வெட்டி அடுக்கியிருந்தது. தூக்கிப் பார்த்தேன்.

"அண்ணை, மகன் கோட் எல்லோ கேட்டவர்?"

"ஓம், கேட்டவர்."

"பின்ன?"

"கந்தையா அண்ணர் கேக்கேல்லையே."

அடுத்தநாள் காரியம் முடிந்து அட்டை கைமாறியது. உள்ளங்கை அளவு, வெள்ளை விளிம்பு, பின்னால் வெறும் மஞ்சள். முன்பொரு விடியலில் கடைக்குப் பால் கொண்டுவந்தபோது எடுத்த படம்: பால் கானோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலைத்துண்டு ஒரு இஞ்சி மேலே தூக்கியிருக்க, கண்ணில் காலை வெயிலோடு கந்தையா அண்ணர் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை.

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன அண்ணை இது? அப்பாவைப் பால்காரனாப் போட்டிருக்கிறியள்?"

"தம்பி, கொப்பர் பால்காரன்தானே."

பந்தலின் முன்வரிசையில் அடுத்த மாதம் காரியம் வைக்க இருந்த வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். கடை இழுத்து மூடப்படுவதை நான் என் கண்ணால் கண்டேன்.

அப்போதுதான் பாக்கியமக்கா எழும்பி வந்தா, கந்தையா அண்ணரின் மனைவி. செத்தவீட்டிலிருந்து அன்றுவரை நாலு வார்த்தை பேசாத மனிசி. அட்டையை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தா. திருப்பினா. "வாசி" என்று மகனிடம் கொடுத்தா.

மகன் வேண்டாவெறுப்பாக வாசித்தார். "தொழில்: பால் சேர்த்தல். மணி அடிப்பது இடக்கை. பால் ஊற்றுவது வலக்கை. தேய்ந்த சைக்கிள்: மூன்று. நாய் கடித்தது: ஐந்து தடவை. பால் பிந்தியது: ஒருநாளும் இல்லை."

"ஐஞ்சில்லை, ஆறு" என்றா பாக்கியமக்கா. "கடைசியாக் கடிச்சது எங்கட நாய். வெளியில சொல்ல அவருக்கு வெக்கம்."

"எங்கட நாயோ அம்மா?" என்றார் மகன்.

"ஓமடா" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினா. சிரித்துச் சிரித்துப் பிறகு அழுதா. அட்டையை மட்டும் விடவில்லை. மகனும் தாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார். பந்தல் முழுக்க அட்டையைத் திருப்பித் திருப்பி வாசித்தது. அடுத்த மாதத்துக்காரர் எழும்பி வந்து, தன்னுடைய தகப்பனைத் தேங்காய் பறிக்கும் கொக்கத்தடியோடு போடலாமா என்று மெல்லக் கேட்டார்.

கடை தப்பியது. விளிம்பண்ணையின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. சாப்பிடாமலே போய்விட்டார்.

விடிந்து போய்ப் பார்த்தால் புதிதாக இருநூறு அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். நாய் கடித்தது: ஆறு தடவை.

"அண்ணை, அதுதான் எல்லாரும் வாங்கிக்கொண்டு போயிட்டினமே!"

"வீடு வீடாப் போய் மாத்துவம். உயிரோட இருக்கிற ஆளெண்டால் பிழையை வந்து சொல்லுவார். கந்தையா அண்ணர் என்னெண்டு வாறது?"

மூன்று நாள் அவருடைய மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்தேன். ஒரு வீட்டையும் விடவில்லை. கடைசியில், மாற்றி வாங்கிய பழைய அட்டைகளை எண்ணிப் பார்த்தார், நூற்றுத் தொண்ணூற்றொன்பது. பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ர அட்டை தொலைஞ்சு போச்சுது அண்ணை" என்றேன்.

அந்த மனிதரிடம் நான் சொன்ன ஒரேயொரு பொய் அது. அவர் விட்ட ஒரேயொரு பிழையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.